புதுமுறைச் சூரிய மின்கலங்களும் அவற்றின் ஆயுளும்

குடம் ஒன்று உண்டாதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனக் காரணத்தை மூன்றாக வகுத்துரைப்பது நம் நாட்டுத் தருக்க நூலார் வழக்கு. குடத்தை விலைக்குக் கொள்ளும் மூதாட்டியோ இம்மூன்றையும் வினவுவதில்லை. விரலால் தட்டி ஓசை கேட்டு, இஃது எத்துணை நாள் நீர் தாங்கும் என்பதையே ஆராய்வாள். சூரிய மின்கலங்களைப் பற்றி எழுதுவார் பலர்க்கு அம்மூதாட்டியின் கவலை இல்லை. ‘நூற்றுக்கு இத்தனை பங்கு ஒளியை மின்னாக்கிற்று’ என்னும் ஓர் எண்ணையே பற்றிக்கொண்டு, அவ்வெண் சிறிது ஏறுந்தோறும் விழாக் கொண்டாடுகின்றனர். பெரோவ்ஸ்கைட்டு என்னும் பொருளாற் செய்யப்படும் புதிய மின்கலத்தை அவ்வோர் எண்ணால் அளப்பது தகாது என்பதும், அதன் ஆயுளே அதற்கு அளவுகோல் ஆதல் வேண்டும் என்பதும் யான் ஈண்டுக் கூறக் கருதுவன. தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்பார் உளராயின், வெயில் எல்லார் தலைமேலும் காய்கின்றது என்பதே விடை.

ஒளியால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1839-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். அப்போது அவர்க்கு வயது பத்தொன்பது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்பார் வயதே. அவ்வாண்டிலேயே, ருசியாவின் யூரல் மலையிற் கிடைத்த கல் ஒன்றை ஆராய்ந்த குஸ்தாவ் ரோஸ் என்னும் ஜெர்மானியர், பெரோவ்ஸ்கி என்னும் ருசியப் பெருமகனார் பெயரால் அதற்குப் பெரோவ்ஸ்கைட்டு எனப் பெயரிட்டார். இவ்விரு செய்தியும் ஒன்றையொன்று சாராமல் நூற்றெழுபது ஆண்டு தனித்தனியே கிடந்தன. அக்கல் கால்சியமும் டைட்டேனியமும் ஆக்சிஜனும் கூடியது. இன்று மின்கலத்திற் பயன்படுவது அக்கல் அன்று. அதன் அணுக்கள் அடுக்கப்பட்ட முறையையே தாமும் உடைய வேறு உப்புக்கள் அப்பெயரைப் பெற்றன. இலக்கணம் வல்லார் இதனை உவமையாகுபெயர் என்று கொள்வாராக. மின்கலத்துப் பெரோவ்ஸ்கைட்டில் ஈயமும் அயோடினும் உண்டு. அவற்றோடு மெத்தில் அமோனியம், பார்மமிடினியம், சீசியம் என்பவற்றுள் ஒன்றோ பலவோ சேரும்.

புதியதன் எளிமையை உணரப் பழையதன் பாட்டை அறிதல் வேண்டும். 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கன் மின்கலத்தைச் செய்து காட்டினர். அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்னாக்கிற்று. இன்று உலகில் விலையாகும் சூரியத் தகடுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டன அதன் வழிவந்தனவே. சிலிக்கன் மணலெங்கும் நிறைந்து கிடப்பது உண்மை. அதனைப் பிரித்தெடுத்தலோ அரிது. பளிங்குக் கல்லைக் கரியோடு கூட்டி மின்னுலையில் இட்டு ஏறத்தாழ 2000 டிகிரி வெப்பத்திற் காய்ச்சுவர். வெளிப்படும் சிலிக்கன் மாசுடையதாகலின், அதனை ஆவியாகத்தக்க ஒரு சேர்மமாக்கி, வடித்துத் தூய்மை செய்து, மீண்டும் சிலிக்கனாகப் படியவைப்பர். பின்னர் அதனை 1414 டிகிரியில் உருக்கி, சிறு படிக விதை ஒன்றை அக்குழம்பில் தோய்த்து மெல்லச் சுழற்றி மேலே இழுக்க, ஒரே படிகமாகிய தூண் ஒன்று எழும்பும். இம்முறைக்கு மூலம், போலந்து நாட்டு யான் சொக்ரால்ஸ்கி 1916-இல் கண்ட வழி. அத்தூணை வைரத்துகள் பதித்த கம்பியால் மெல்லிய வில்லைகளாக அறுப்பர். அறுக்கும்போதே ஒரு பகுதி தூளாய்க் கழியும். அதன்பின் வில்லையில் பிற தனிமங்களை ஏற்றுவதும், வெள்ளிக் குழம்பாற் கோடு இடுவதும், மீண்டும் சுடுவதும் உள. இத்துணைப் பாடுபட்டுப் பெற்ற தகடு வெயிலிலும் மழையிலும் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் என்று விற்பவர் எழுதிக் கொடுக்கின்றனர். தீயிற் பிறந்தது வெயிலுக்கு அஞ்சாது போலும்.

இனிப் பெரோவ்ஸ்கைட்டின் பிறப்பைக் காண்க. ஈய அயோடைடையும் அதன் துணை உப்பையும் தக்கதொரு கரைப்பானிற் கரைத்தால் மஞ்சள் நிற நீர் ஒன்று கிடைக்கும். அதனைக் கண்ணாடிமேற் பரப்பி 100 முதல் 150 டிகிரி வரை சூடேற்ற, சில நிமிடங்களிற் கரிய படிகம் தோன்றும். நெய்ப்பலகாரம் செய்யும் அடுப்பின் வெப்பமே இதற்கு மிகை. சிலிக்கன் வில்லையின் கனத்தில் முந்நூற்றில் ஒரு பங்கு அளவான ஏடு, ஒளியை விழுங்கப் போதுமானது. 2009-ஆம் ஆண்டு ஜப்பானில் யோகோஹாமா நகரத்து மியாசாகாவும் அவர்தம் குழுவினரும் இப்பொருளை முதன்முதல் மின்கலத்திற் புகுத்தியபோது பயன் 3.8 பங்கே. அக்கலத்தில் இருந்த மின்பகு நீர் பெரோவ்ஸ்கைட்டைச் சில நிமிடங்களிலேயே அரித்துவிட்டது. 2012-இல் ஆக்ஸ்போர்டில் ஹென்றி ஸ்னெய்த்தும், தென்கொரியாவில் நாம்-கியூ பார்க்கும் அந்நீரை நீக்கித் திண்பொருளை அமைக்க, பயன் பத்தை அடுத்தது. இன்று அது 26-ஐக் கடந்துள்ளது. சிலிக்கன் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த வழியை இது பதினைந்து ஆண்டிற் கடந்தது என்று வியப்பர். வியத்தற்குரியதே, யான் மறுக்கவில்லை.

ஆயின் இவ்வெளிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டோர் சிலரே. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளைவதைக் கண்டவர்க்கு விடை புலப்படும். நீரில் எளிதிற் கரைவது ஆதலாலன்றோ உப்பு நீரிலிருந்து எளிதிற் படிகின்றது! அடுத்த மழை வந்தால் விளைந்த உப்பு மீண்டும் நீராகும் என்பதை அளத்தார் நன்கறிவர். பெரோவ்ஸ்கைட்டும் உப்பே. அதன் அணுக்களைப் பிணைக்கும் கட்டுத் தளர்ந்தது. தளர்ந்தது ஆதலின் சிறு சூட்டிலேயே அவை தாமாக வரிசை கொள்கின்றன. அத்தளர்ச்சியே நீராவி பட்டாலும், சூடு மிகினும், ஒளி நெடுநேரம் நின்றாலும் அவை வரிசை குலைதற்கும் காரணம். அயோடின் இருந்த இடம் விட்டுப் பெயரும். மெத்தில் அமோனியம் வாயுவாய்ப் பிரிந்தோடும். கருமை நீங்கி ஈய அயோடைடின் மஞ்சள் நிறம் தலைகாட்டும். பார்மமிடினியம் சூட்டைச் சற்றுத் தாங்கும். ஆனால் அதன் கரும்படிகம் அறைச்சூட்டிலேயே தானாக மஞ்சள் வடிவுக்குத் திரும்பும் இயல்பினது. சீசியம் சிறிது கூட்டி அதனை நிலைநிறுத்துகின்றனர். இக்கூட்டு வகைகளைத் தேடுவதே ஆராய்ச்சியாளரின் பெரும்பாடு. எளிமையும் அழிவும் ஒரு வேரிற் கிளைத்தன. ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றைச் சிறு குறையென ஒதுக்குதல் நேரிய ஆராய்ச்சி ஆகாது.

சூரியத் தகடுகளைச் சோதிக்கும் உலகப்பொது விதிகளுள் ஒன்று, 85 டிகிரி சூட்டிலும் நூற்றுக்கு 85 பங்கு ஈரத்திலும் 1000 மணி நேரம் வைத்துப் பார்ப்பது. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தை அறிந்தார்க்கு இவ்விதியின் கருத்து விளங்கும். ஆனால் 1000 மணி என்பது நாற்பத்திரண்டு நாளே. அதுவும் இருளிற் செய்யும் சோதனை. பெரோவ்ஸ்கைட்டுக்குச் சூடும் ஒளியும் ஒருங்கே வருவதன்றோ பெரும்பகை! இச்சோதனையில் தேறிற்று என்பது கொண்டு இருபத்தைந்து ஆண்டுக்குப் பிணை நிற்றல் துணிவேயன்றி அறிவன்று.

செய்முறையிலும் இவ்வேறுபாடு உண்டு. ஆய்வுக்கூடத்தில் சிறு கண்ணாடித் துண்டை நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றாகச் சுழற்றி, அதன்மேல் ஒரு துளி விட்டு, படிகம் தோன்றும் நொடியறிந்து வேறொரு நீர்மத்தைச் சொட்டுவர். துளியிற் பெரும்பகுதி சிதறி வீணாகும். புகழ்பெற்ற எண்கள் பல, ஒரு சதுர சென்டிமீட்டரோ அதனினும் சிறிதோ ஆன கலங்களிற் பெறப்பட்டன. கூரையை மூட அஃது உதவாது. மெல்லிய பிளவின் வழியே மையை ஒழுகவிட்டுப் பரப்புதல், தகட்டால் வழித்தல், வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்தல், செய்தித்தாள் அச்சிடுவது போல நீண்ட சுருளில் ஓடவிட்டுப் பூசுதல் என்பனவே தொழிற்சாலைக்கு உரிய முறைகள். பரப்பு மிகுந்தோறும் ஏட்டில் ஊசித்துளைகளும் மேடுபள்ளங்களும் மிகும், பயன் குறையும். வழக்கமான கரைப்பானாகிய டைமெத்தில் பார்மமைடு தொழிலாளர் உடலுக்குத் தீங்கு செய்வது என்பதையும் மறத்தலாகாது.

நிற்க. பெரோவ்ஸ்கைட்டைச் சிலிக்கனுக்குப் பகையாக்காமல் அதன் தலைமேல் ஏற்றிவிடுதலே வழி என்று அறிஞர் பலர் கூறுகின்றனர். அவர் கூற்றின் வலிமை பெரிது. ஒற்றைப் பொருளாலாய கலம் நூற்றுக்கு ஏறத்தாழ 33 பங்குக்கு மேல் ஈட்ட இயலாது என்பது ஷாக்லியும் குவைசரும் 1961-இல் வகுத்த கணக்குமுறையின் முடிபு; சிலிக்கனுக்கு எல்லை 29 அளவே. மேலடுக்கு நீலமும் பச்சையும் கொள்ள, செவ்வொளி கீழிறங்கிச் சிலிக்கனை அடையுமாயின் அவ்வெல்லை உயரும். சீன நாட்டு லாஞ்சி நிறுவனத்தார் 2024-இல் இவ்வாறு 34.6 கண்டனர். ஆக்ஸ்போர்டு பிவி என்னும் நிறுவனம் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கிற் செய்த இரட்டைத் தகடுகளை அவ்வாண்டிலேயே அமெரிக்காவுக்கு விற்பனையாக அனுப்பிற்று. அவற்றின் பயன் 24.5. நிலமும் சட்டமும் கம்பியும் கூலியும் தகட்டின் விலைக்குக் குறையாதன ஆதலின், அதே இடத்தில் மிகுதியாக ஈட்டுதல் இலாபமே.

எனினும் யான் தயங்குகின்றேன். பெரும்பாலான இரட்டைத் தகடுகளில் இரண்டு அடுக்கும் ஒரே சங்கிலியிற் கோக்கப்பட்டவை. மின்னோட்டம் இரண்டினூடும் செல்லவேண்டும். மேலடுக்கு நலிந்தால் கீழுள்ள சிலிக்கன் நலமாயிருந்தும் அதன் உழைப்பு அடைபட்டுப்போம். இருபத்தைந்து ஆண்டு வாழத்தக்கதன் தலையில் எத்தனை ஆண்டு வாழுமென்று அறியாத ஒன்றை ஏற்றிக் கட்டுவது, இளையவன் ஆயுளுக்கு மூத்தவன் சொத்தைப் பிணையாக வைப்பதை ஒக்கும். ஜப்பானியர் வழி எனக்கு இதனினும் நேரியதாகத் தோன்றுகின்றது. செகிசுய் நிறுவனத்தார் மெல்லிய படலச் சுருளில் பெரோவ்ஸ்கைட்டைப் பூசிப் பதினைந்து பங்கு பயனும் பத்தாண்டு ஆயுளும் கூறுகின்றனர். கனத்த கண்ணாடியைத் தாங்காத கூரைக்கும் சுவருக்கும் அவை செல்லும். சிலிக்கன் செல்லாத இடத்திற் செல்வதால் எதனையும் கெடுப்பதில்லை. பத்தாண்டு என்று சொல்லி விற்பதால் எவரையும் ஏமாற்றுவதில்லை. 2025-இல் ஒசாகா உலகக் கண்காட்சியின் பேருந்து நிலையக் கூரையில் அவை வைக்கப்பட்டன. உலக அயோடின் விளைவில் மூன்றிலொரு பங்கு அளவு ஜப்பானில் கிடைப்பதும் அவர் ஊக்கத்துக்கு ஒரு காரணம். பத்தாண்டு வெயிலில் அவை உழைத்துக் காட்டிய பின்னர்ச் சிலிக்கன்மேல் ஏறட்டும்.

ஈயத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு சதுர மீட்டர் ஏட்டில் ஒரு கிராமினும் குறைந்த ஈயமே உண்டு; மோட்டார் வண்டி மின்கலத்தில் பல கிலோ உண்டு. ஆகவே அச்சம் வீண் என்பார். அவர் மறந்தது, இவ்வீயம் நீரிற் கரையும் உப்பாக உள்ளது என்பதை. உடைந்த தகட்டின்மேற் பெய்த மழை அதனைக் கிணற்றுக்குக் கொண்டுபோகும். ஈயத்துக்கு மாற்றாக வெள்ளீயம் இட்டுப் பார்த்தனர். அது காற்றுப்பட்டு விரைவில் கெடுகின்றது. ஈயம் உள்ளவரை அதனை ஆளும் ஏற்பாடு வேண்டும். காட்மியம் என்னும் நச்சு உலோகம் கலந்த மென்படலத் தகடுகளைச் செய்யும் பர்ஸ்ட் சோலார் நிறுவனம், 2024-இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைப்பாக்கத்திலும் தொழிற்சாலை திறந்தது. பயன் முடிந்த தன் தகடுகளை மீட்டுப் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டை அந்நிறுவனம் நெடுங்காலமாக நடத்திவருகின்றது. பெரோவ்ஸ்கைட்டு விற்போர்க்கும் அதுவே கட்டளையாதல் வேண்டும். மீட்கும் பொறுப்பை விற்கும் நாளிலேயே விலையிற் சேர்த்து எழுதாத தகட்டை, அது நூற்றுக்கு எத்தனை காட்டினும், ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையில் ஏற்றுதற்கு யான் உடன்படேன்.