பாறையிலிருந்து காக்கும் இரும்பு, செசியைத் தின்னலாமா?

கடந்த மாதம் ஒரு மாலை நேரம் எனது ஹாட்வெயார் கடைக்கு முன்னால் ஒரு டபள் கெப் வந்து நின்றது. இறங்கி வந்தவர் எமக்குத் தெரிந்த இளம் வியாபாரி. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளைக்குக் கொண்டு வருபவர்.

"நானா, ஒன்றரை அங்குல ஜீ.ஐ. பைப் இரண்டு நீளம் வேணும். வாகனத்துக்கு ரெண்டு பக்கமும் பார் போடப் போறன். பாஸ் செசியிலேயே வெல்ட் பண்ணித் தாறாராம். ஒரு நாள் வேலைதானாம்" என்றார்.

பைப் விற்றால் எனக்கு இலாபம்தான். ஆனாலும் அன்று நான் அவருக்கு அதை விற்கவில்லை. ஒரு பிளேன்டீயைக் கையில் கொடுத்து உட்கார வைத்து, அரை மணித்தியாலம் பேசி அனுப்பினேன். அவரிடம் சொன்னதை ஏனைய சகோதர வியாபாரிகளுக்கும் சொல்ல வேண்டும் என்றே இந்த வாரம் எழுதுகிறேன். ஏனெனில் இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தவன்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். கரடுமுரடான பாதையில் போகும் வாகனத்தின் கதவுகளுக்குக் கீழே, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில், தடித்த இரும்புக் குழாயால் போடும் காவலைத்தான் ராக் ஸ்லைடர் என்கிறார்கள். எம்மவர்கள் சைட் பார் என்பார்கள். இதை ஏறி இறங்கப் போடும் மிதிபலகையோடு குழப்பிக் கொள்ளக் கூடாது. மிதிபலகை மனிதனின் பாரத்தைத் தாங்கினால் போதும். ராக் ஸ்லைடரோ, வாகனம் பாறையில் அமர்ந்துவிட்டால் அதன் ஒரு பக்கப் பாரத்தைத் தாங்கி, வழுக்கி நகர விட வேண்டும். ஒரு டபள் கெப் சுமார் 2 தொன் நிறையுடையது என்பதை நினைவில் வையுங்கள். பரிசோதிக்க இலகுவான வழி உண்டு. பாரின் நடுவில் ஜேக்கை வைத்து வாகனத்தைத் தூக்குங்கள். வளையாமல் தூக்கினால் அது காவல். வளைந்தால் அது வெறும் அலங்காரம்.

இதனைப் பொருத்த இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அதன் கால்களைச் செசியில் நேரடியாக வெல்ட் செய்வது. மற்றது, கால்களின் நுனியில் தட்டை இரும்பு வைத்து, செசியில் ஏற்கனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு இறுக்குவது, அல்லது செசியைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கச் செய்வது. வெல்ட் செய்தால் செலவு குறைவு, வேலை விரைவு, உறுதியும் அதிகம் என்பது பொதுவான எண்ணம். 2008 ஆம் ஆண்டில் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

அப்போது என்னிடம் ஒரு பழைய லான்ட் ரோவர் டிபெண்டர் இருந்தது. ரிவஸ்டன் தாண்டி இலுக்கும்புர பக்கத்துக் கிராமங்களுக்குச் சீமெந்தும் கூரைத் தகடும் அதில்தான் போகும். ஒரு கராஜில் கொடுத்து இரண்டு பக்கமும் வெல்ட் செய்து எடுத்தேன். ஆறு வருடம் எந்தக் குறையும் தெரியவில்லை. பாறையில் இடித்தது, வழுக்கியது, கதவுக்குக் கீழே ஒரு நெளிவுகூட இல்லை. ஊரெல்லாம் அந்தப் பாரைப் பற்றிப் பெருமை பேசினேன்.

2014 ஆம் ஆண்டில் வாகனத்தை விற்க முன்வந்தேன். வாங்க வந்தவர் அனுபவசாலி. எஞ்சினைப் பார்க்க முன்னரே கீழே படுத்து, சிறிய சுத்தியலால் செசியைத் தட்டிக்கொண்டு போனார். கணீர் கணீர் என்று கேட்ட சத்தம், பாரின் கால் ஒட்டிய இடத்தில் பொத்தென்று மாறியது. அதன் ஓரத்தில் மயிர் போல ஒரு வெடிப்பு. ஸ்குரூ டிரைவரால் குத்தினார், உள்ளே இறங்கிவிட்டது. செசி உள்ளிருந்தே துருவேறியிருந்தது.

அவர் விலையில் 2 இலட்சம் குறைத்தார். அது பெரிதல்ல. "ஹாஜியார், இது உங்களுக்குத் தெரியாதா?" என்று ஒரு கேள்வி கேட்டார். உண்மையில் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று மார்க்கம் படித்த வியாபாரி, தனது வாகனத்தின் குறையையே அறியாமல் நின்றேன். நட்டத்தை விட அந்த வெட்கம்தான் இன்றும் வலிக்கிறது.

ஏன் அப்படி ஆனது? பின்னர் விசாரித்து அறிந்துகொண்டேன். பெட்டி போல மூடிய செசியின் வெளிப்பக்கத்தில் வெல்ட் செய்யும்போது உட்பக்கத்துப் பெயின்டும் சேர்ந்து எரிகிறது. வெளியே மறுபடி பெயின்ட் அடிக்கலாம். உள்ளே யார் அடிப்பார்? சேறும் ஈரமும் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கத் தொடங்கும். அத்துடன் செசியின் தகடு மெல்லியது, பாரின் குழாய் தடித்தது. பாறையில் இடிக்கும்போது தடித்த பொருள் தாங்கிக் கொள்ளும். சூட்டினால் குணம் மாறிய வெல்ட் ஓரத்து மெல்லிய தகடுதான் வெடிக்கும். இடையில் ஒரு அகலமான தட்டை இரும்பு வைத்துப் பாரத்தைப் பரப்பியிருந்தால் ஓரளவு தப்பியிருக்கலாம். எனது வாகனத்தில் அதுவும் இல்லை.

வெல்டிங் பாஸ்மாரை நான் குறை சொல்லவில்லை. வாகனத்துக்குக் கீழே மல்லாந்து படுத்து, தீப்பொறி முகத்தில் விழ, தலைக்கு மேலே வெல்ட் செய்வது இத்தொழிலில் மிகக் கடினமான வேலை. போல்ட் போடும் பாரிலும் வெல்டிங் உண்டுதான். ஆனால் அது மேசையில் வைத்து, எல்லாப் பக்கமும் திருப்பி, ஆறுதலாகச் செய்யும் வேலை. பிழைத்தால் வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் செய்யலாம். செசியில் பிழைத்தால் எதை வெட்டி எறிவது?

எனவே எனது அபிப்பிராயம் இதுதான்: உழைத்துத் தரும் வாகனத்திற்கும், ஒருநாள் விற்கப் போகும் வாகனத்திற்கும் போல்ட் போடும் பாரே பொருத்தமானது. பார் என்பது அடிபடுவதற்கென்றே போடும் பொருள். அது தேய்ந்தால், வளைந்தால் கழற்றி மாற்ற முடிய வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, கையில் உள்ள வாகனத்தின் பெறுமதி எம் எல்லோருக்கும் விளங்கியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்தது உண்மைதான். ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பழையதைப் பத்திரப்படுத்தவே மனம் சொல்கிறது. எமக்கு வாகனம் முதலீடு. அந்த முதலீட்டின் முதுகெலும்பு செசி. அதில் நெருப்பு வைக்க முன்னர் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

போல்ட் போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. அரைகுறையாகப் போட்ட போல்ட், நல்ல வெல்டிங்கை விட மோசமானது. நான் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. சாதாரண போல்ட் போடாதீர்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருப்பதையே கேட்டு வாங்குங்கள். சில்லறை வித்தியாசம்தான்.

2. கம்பனி விட்ட துளைகளையே பாவியுங்கள். செசியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதிதாகத் துளை போட விடாதீர்கள்.

3. பெட்டிச் செசியைக் குறுக்கே ஊடறுத்து போல்ட் போடுவதாயின், உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது செசி நசுங்கும்.

4. முதல் 500 கிலோமீற்றரில் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். பின்னர் ஒவ்வொரு சேர்விஸிலும் பாருங்கள். நட்டின் மேல் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அசைந்ததா என்பது பார்த்தவுடனே தெரியும்.

5. ஜீ.ஐ. பைப் தண்ணீருக்கானது, பாறைக்கானது அல்ல. அதன் நாகப் பூச்சை உரசி எடுக்காமல் வெல்ட் செய்தால் வரும் புகை, வேலை செய்பவருக்குக் காய்ச்சலையே கொடுக்கும். 4 மில்லிமீற்றருக்குக் குறையாத கறுப்பு இரும்புக் குழாயைக் கேளுங்கள்.

வெல்டிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்கும் எண்ணமே இல்லாத பழைய ஜீப், பாறையில் ஏறுவதற்கென்றே வைத்திருப்பது, பொருத்தமான துளைகளும் இல்லை என்றால் வெல்ட் செய்யலாம். அப்படியானால் தட்டை இரும்பு வைத்து, பெட்டரியைக் கழற்றி, பிரேக் குழாயையும் எரிபொருள் குழாயையும் விலக்கி, கைதேர்ந்தவரிடம் செய்யுங்கள். முடிந்ததும் செசிக்கு உள்ளே மெழுகு அல்லது துரு எதிர்ப்பு எண்ணெய் விசிற மறக்க வேண்டாம். செசி இலக்கம் பொறித்த இடத்திற்கு அருகில் நெருப்போ கிரைண்டரோ போகவே கூடாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கம் செசியில் வாசிக்க முடியாமல் போனால், விற்கும் நாளில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தனிச் செசி இல்லாமல் உடலோடு சேர்த்துச் செய்யப்பட்ட வாகனங்களும் உண்டு. 1999 இற்குப் பின் வந்த மிட்சுபிஷி பஜேரோ அப்படியானது. அவற்றில் வெல்டிங் பேச்சே வேண்டாம். அந்த மொடலுக்கென்று செய்த பாரையே போடுங்கள்.

கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு மொடலுக்கு ஒருமுறை அளவெடுத்து அச்சு செய்து வைத்தால், ஓய்வான நாளில் ஐந்து சோடி பார் செய்து அடுக்கலாம். வாடிக்கையாளர் வந்தால் அன்றே பொருத்தி அனுப்பலாம். நட்டை இறுக்க அவர் மீண்டும் உங்களிடமே வருவார்.

அந்த இளம் வியாபாரி அன்று வெறுங்கையோடு போனார். பத்து நாள் கழித்து வந்து 10.9 போல்ட் பதினாறு வாங்கிச் சென்றார். பைப் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் இலாபத்தில் கால்வாசிகூட அதில் இல்லை. ஆனால் அவர் தனது வாகனத்தை விற்கும் நாளில், வாங்க வருபவர் சுத்தியலால் தட்டும்போது, தலை நிமிர்ந்து நிற்பார்.