ஒப்படைத்தபின் ஒதுங்கி நிற்றல்

அலுவலகம் ஒன்றில் எழுத்தர் ஒரு கடிதத்திற்கு வரைவு எழுதி வைக்கிறார். மேலாளர் படித்துப் பார்க்கிறார். பிழை ஏதும் இல்லை. எனினும் முழுவதையும் அடித்துவிட்டுத் தாமே மறுபடி எழுதுகிறார். பனவடலிசத்திரம் போன்ற சிற்றூர்களில் பிறந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகிச் சங்கரன்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ பணிக்குச் செல்லும் நம் இளைஞர்கள் பலர் இத்தகைய மேலாளரைக் கண்டிருப்பர்.

திருத்துதல் மேலாளரின் கடமை என்பதை யாம் மறுக்கவில்லை. கையொப்பம் அவருடையது, பொறுப்பும் அவருடையதே. ஆயின் திருத்துதல் வேறு, பறித்துக்கொள்ளுதல் வேறு. எவ்வாறு எழுதினும் மாற்றப்படும் என்று தெரிந்தபின் எந்த எழுத்தர் தம் வரைவை இரண்டாம் முறை சரிபார்ப்பார்? அரைகுறையாக எழுதி வைப்பார். அதைக் கண்ட மேலாளர், "நான் இல்லையேல் இங்கு எதுவும் நடவாது" என்பார். நோயை வளர்த்தவரே மருத்துவராகவும் நடிக்கும் விந்தை இது!

இதற்கு மாறான ஒருவரை நம் நாடு கண்டிருக்கிறது. 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் வங்கக்கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். செய்தியாளர்முன் தோல்வியைத் தம்மேல் ஏற்றவர் தவான். அதன்பின் அவர் திட்டத்தைக் கலாமின் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை என்பதே யாம் பெரிதும் வியக்கும் செய்தி. ஓராண்டு நிறைவதற்குள், 1980 ஜூலை 18 அன்று, அதே குழு ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிலைநிறுத்தியது. அன்று செய்தியாளரைச் சந்திக்குமாறு கலாமையே அனுப்பினார் தவான். இதனைக் கலாம் பிற்காலத்தில் மேடைகள் பலவற்றில் நினைவுகூர்ந்தார்.

தவான் போன்ற தலைவர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர் என் செய்வது? எதிர்த்துப் பேசுதல் வேலைக்கு ஊறு, முணுமுணுத்தல் பயனற்றது. பணியைத் தொடங்குமுன்பே, "தாங்கள் எதிர்பார்ப்பது எவ்வாறு?" எனக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பாதி முடிந்த நிலையிலேயே காட்டி ஒப்புதல் பெறலாம். அவர் மாற்றியதைத் தம் வரைவோடு ஒப்பிட்டு, காரணத்தைப் பணிவுடன் வினவலாம். காரணம் உள்ள திருத்தம் நமக்குப் பாடமாகும். காரணம் சொல்ல இயலாத திருத்தத்தை அடுத்த முறை அவரே செய்யத் தயங்கவும் கூடும்.

மகனிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, மாலைதோறும் கணக்கேட்டைத் தம் கையால் மறுபடி எழுதும் பெரியவர்களும் இம்மலரைப் படிப்பார்கள் என நம்புகிறோம்.