திரையில் பகைவரின் முகம்

வேலூர் லாங் பஜாரில் தமிழும் உருதும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். பல மொழியினரும் பல சமயத்தினரும் தோளோடு தோள் உரசி நடக்கும் அவ்வணிகத் தெருவிற்கு அண்மையில் அகழி சூழ்ந்து நிற்கிறது வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10 ஆம் நாள் விடியுமுன் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றியில் சமயக்குறி இடுவதற்குத் தடை, தாடியை மழிக்க ஆணை, தோல் இலச்சினை பொருத்திய புதிய தலைப்பாகை ஆகியன இந்துக்களையும் இசுலாமியரையும் ஒருசேரப் புண்படுத்தியிருந்தன.

இவ்வரலாற்றைத் திரைப்படமாக்க முனைபவர் ஒரு வினாவை எதிர்கொள்ள வேண்டும்: பகைவர் யார்? வெள்ளையர் என்பது எளிய விடை. ஆனால், ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்து எழுச்சியை ஒடுக்கிய கில்லெஸ்பியின் படையில் ஆங்கிலேயரோடு சென்னை மாகாணத்து இந்தியக் குதிரைவீரர்களும் இருந்தனர். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். அதற்குமுன் உறக்கத்திலேயே சுடப்பட்டு இறந்த ஆங்கில வீரர்களும் உண்டு. இவற்றை மறைத்தால் காட்சி விறுவிறுப்படையும்; உண்மை குறைவுபடும்.

தமிழ்த் திரையுலகம் இவ்வினாவை முன்பே சந்தித்திருக்கிறது. வேலூர் எழுச்சிக்கு ஏழாண்டுகளுக்கு முன், 1799 அக்டோபர் 16 அன்று, கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவர் வரலாற்றைக் கூறும் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959 இல் வெளிவந்தது. விடுதலை பெற்றுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டிற்கு அப்படம் தந்த தன்மான உணர்வு பெரிது. எனினும், அதன் வெற்றி இரண்டு பெயர்களின் மீது அழியாச் சாயம் பூசியது.

ஒன்று, ஜாக்சன். மக்கள் நினைவில் அவரே ஆங்கிலேயரின் முகம். ஆனால், இராமநாதபுரச் சந்திப்பில் அவர் நடந்துகொண்ட முறையை விசாரித்த கம்பெனியே அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. தூக்குத் தண்டனையை நிறைவேற்றியவர் மேஜர் பானர்மேன். மற்றொன்று, எட்டப்பன். அது எட்டயபுரப் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டப்பெயர். அன்றைய எட்டயபுரம் கம்பெனிக்குத் துணைநின்றது உண்மை. கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்ததோ புதுக்கோட்டை அரசு. எனினும், தலைமுறைகளின் பெயர் முழுவதும் இன்று காட்டிக்கொடுப்போரைச் சுட்டும் வசைச்சொல்லாய் வழங்குகிறது. உமறுப்புலவரை ஆதரித்ததும் பாரதி பிறந்ததும் அதே எட்டயபுரம் என்பது பலருக்கு நினைவிற்கு வருவதில்லை.

மூன்று மணிநேரப் படத்தில் எல்லாவற்றையும் கூற இயலாது. கதைக்கு ஓர் எதிரி தேவை என்பர் சிலர். சுருக்குதல் கலையின் உரிமை, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், ஒரு மனிதர் செய்த குற்றத்தை அவர்தம் ஊருக்கும் குலத்திற்கும் இனத்திற்கும் உரியதாக்குவது சுருக்குதல் ஆகாது. அது பழி சுமத்துதல். திரையரங்கை விட்டு வெளியேறும் பழி, தெருவில் நடமாடும் மனிதர்மீது வந்து அமர்கிறது.

வேறு வழியும் உண்டு. அமெரிக்காவும் ஜப்பானும் 1945 இல் இவோ ஜிமா தீவில் மோதின. கிளின்ட் ஈஸ்ட்வுட் என்னும் அமெரிக்க இயக்குநர் 2006 இல் அப்போரைப் பற்றி இரண்டு படங்களை உருவாக்கினார். ஒன்று அமெரிக்க வீரர்களின் பார்வையில் அமைந்தது. மற்றொன்று ஜப்பானிய வீரர்களின் பார்வையில், பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே அமைந்தது. வீட்டிற்குக் கடிதம் எழுதும் பகைவனைக் கண்டதால் அமெரிக்கரின் நாட்டுப்பற்று குன்றிவிடவில்லை.

போர்ப்படம் வீரத்தைப் போற்றட்டும். அநீதியை அஞ்சாது காட்டட்டும். அநீதி இழைத்தவருக்குப் பெயரும் முகமும் காரணமும் தரட்டும். பார்ப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. திரையில் ஓர் இனம் முழுவதும் ஒரே முகத்தோடு தோன்றும்போது, விடுபட்ட முகங்கள் எவை எனக் கேட்க வேண்டும். பல மொழி பேசுவோர் ஒன்றாய் நடக்கும் லாங் பஜார் போன்ற தெருக்களின் அமைதி, அவ்வினாவை மறவாதிருப்பதிலும் அடங்கியிருக்கிறது.