கலப்பும் கலப்படமும்

எங்கள் ஆலங்குளத்துப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலப்பது பெரும்பாலும் ஆண்களின் வேலை. பெண்கள் குழாய் உருட்டுவார்கள், திரி வைப்பார்கள், பெட்டியில் அடுக்குவார்கள். கலப்பவருக்குக் கூலி கூடுதல். கேட்டால், ஆபத்தான வேலை என்பார்கள். வெடித்தால் திரி வைத்தவளும்தான் கருகிப்போகிறாள்.

பாட்டிலும் இதே வேலைப் பிரிவினைதான். குரல் அவளுடையது, கலவை அவனுடையது.

என் மாணவி ஒருத்தி கல்லூரி விழாவுக்காகத் தன் அப்பத்தா பாடிய கும்மி மெட்டில் சொந்த வரிகள் எழுதினாள். கீபோர்டில் ஜாஸ் சாயலில் சுரக்கட்டுகள் சேர்த்தாள். ஒத்திகையில் கேட்ட மூத்த பேராசிரியர் ஒருவர், “எதுக்கும்மா இந்தக் கலப்படம்? குரல் நல்லா இருக்கு, ஒரு சினிமாப் பாட்டைப் பாடிட்டுப் போ” என்றார். பாடினாள். முதல் பரிசும் வாங்கினாள். அன்றோடு எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

நான் அவளுக்குச் சுசீலா ராமனின் ‘சால்ட் ரெய்ன்’ தொகுப்பைக் கேட்கக் கொடுத்தேன். லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர் சுசீலா. சிறு வயதில் கர்நாடக இசை கற்றார். பிறகு ராக், ப்ளூஸ், ஜாஸ் என்று போனார். 2001இல் வெளியான இந்த முதல் தொகுப்பில் தியாகராஜர் கீர்த்தனையும் அவரே எழுதிய ஆங்கிலப் பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

ஆசிரியர் அறையில் அதைப் போட்டுக் காட்டினேன். ‘இது கர்நாடகமா?’, ‘உச்சரிப்பு சரியில்லையே’, ‘குருகிட்ட ஒழுங்காப் படிச்சதா?’ என்று வரிசையாகக் கேள்விகள். எந்த ராகம், எந்தத் தாளம், ஏன் இப்படிச் சேர்த்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

1986இல் இளையராஜா ‘ஹௌ டு நேம் இட்?’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதே தலைப்பு. சபாக்களுக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் அப்படிக் கேட்டதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பெயரில்லாத ஒன்றைச் செய்யும் உரிமை அவருக்கு இருந்தால் என் மாணவிக்கும் இருக்க வேண்டும். ஆண் கலந்தால் சோதனை முயற்சி, பெண் கலந்தால் கலப்படம் என்பது என்ன நியாயம்?

இது இசை பற்றிய கவலை மட்டுமல்ல. ‘கலப்பு’ என்ற சொல்லை நம் ஊர் எதற்கு முன்னால் போடுகிறது? மணத்துக்கு முன்னால். சாதியின் வாசலில் பெண்ணின் உடலைக் காவல் வைத்தவர்கள்தான் மரபின் வாசலில் அவள் குரலைக் காவல் வைக்கிறார்கள்.

அதற்காக எல்லாக் கலப்பையும் நான் கொண்டாடச் சொல்லவில்லை. நோயுற்றிருந்த ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ் தன் மெட்டுகளை ஜோனி மிட்செலிடம் கொடுத்தார். ஜோனி அவற்றுக்கு வரிகள் எழுதினார். 1979 ஜனவரியில் மிங்கஸ் இறந்தார். அதே ஆண்டு அவர் பெயரிலேயே தொகுப்பு வந்தது. பாப் பாடகியாக அறியப்பட்ட ஒருத்தி துணிந்து செய்த வேலை அது. ஆனால் அதே ஜோனி 1977இல் வந்த தொகுப்பின் அட்டையில் முகத்தில் கறுப்புப் பூசிக் கறுப்பின ஆணாக வேடமிட்டு நிற்கிறார். பெண் என்பதால் அதை மன்னிக்க முடியாது.

ஆகவே, கேட்க வேண்டியது ‘தூய்மையா?’ என்றல்ல. யாரிடம் கற்றாய், அவர் பெயரைச் சொன்னாயா, அவருக்கு உரியதைக் கொடுத்தாயா என்பதுதான் கேள்வி. 2011இல் வந்த ‘வேல்’ தொகுப்புக் காலத்தில் தமிழ்ப் பக்திப் பாடல்களைக் கோவை கமலாவிடம் கற்றதைச் சுசீலா சொல்லியிருக்கிறார். எங்கள் அப்பத்தாக்களின் கும்மியும் ஒப்பாரியும் தாலாட்டும் எத்தனை மேடைகளில் வெறும் ‘நாட்டுப்புற மெட்டு’ என்று ஒலித்திருக்கின்றன! கலப்படம் என்று கத்தியவர்களில் ஒருவரேனும் அந்தக் கிழவிகளின் பெயரைக் கேட்டதுண்டா?

இந்த ஆண்டு விழாக் குழுவில் நானும் இருக்கிறேன். சினிமாப் பாட்டுக்குத் தடையில்லை. ஒரே ஒரு விதி சேர்த்திருக்கிறேன்: மெட்டு யாருடையது, வரி யாருடையது, கலந்தது யார் என்று மேடையில் சொல்லிவிட்டுப் பாட வேண்டும். அந்த மாணவி முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். தன் பெயருக்கு மேலே அப்பத்தாவின் பெயரை எழுதியிருக்கிறாள்.