ஒரு பிள்ளைக்கு ஏன் இரண்டு பெயர்?

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். வத்தல் காட்டில் பழம் எடுத்துவிட்டு வந்த கையோடு ஓர் அம்மா, மகனுடைய விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார். "அண்ணே, இதுல எந்தப் பேரைப் போடணும்?"

அந்தப் பையனுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தின்போது குருவானவர் வைத்தது வேதாகமப் பெயர். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது தாத்தாவின் குலசாமிப் பெயர். வீட்டிலும் கோயிலிலும் முதல் பெயர். தாலுகா ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் இரண்டாவது பெயர். நம் பக்கத்துச் சேரிகளில் இது புதிதல்ல. கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"பொய் சொல்லாதே" என்று ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொண்ட பிள்ளை, திங்கட்கிழமை தன் பெயரையே மறைக்க வேண்டியிருக்கிறது. கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்வில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று பிரசங்கம் செய்கிறோமே, கரிசல் மண்ணில் அந்தக் கேள்வி முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

இந்த நிலைக்கு அந்தத் தாய் காரணமல்ல. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாவது பத்திதான் காரணம். இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது அந்தப் பத்தி. 1956இல் சீக்கியர்களும், 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியிலேயே நிற்கிறார்கள்.

வெளியில் நிற்பதற்கு என்ன விலை? தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். நிலமும் கடையும் தொழிற்சாலையும் உள்ள சாதிகளோடு, வத்தல் காட்டுக் கூலியின் மகன் போட்டி போட வேண்டும். பக்கத்து ஓட்டப்பிடாரம் சட்டமன்றத் தனித்தொகுதியில் அவன் வேட்பாளராக நிற்க முடியாது. தனி ஊராட்சியில் தலைவராக முடியாது. சாதிப் பெயர் சொல்லி அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவனுக்குக் கைகொடுக்காது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகரின் வழக்கில் அப்படித்தான் சொன்னது. ஆனால் நம் மாநில அரசின் கல்வி உதவித்தொகையில் மட்டும் 'மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்' என்று ஒரு பிரிவு உண்டு. படிக்கும்வரை ஆதிதிராவிடர், படித்து முடித்து வேலை கேட்டால் பிற்படுத்தப்பட்டோர்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே இந்து என்று சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் மனுவைத் தள்ளுபடி செய்தது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் அப்படிச் சொல்வது அரசமைப்புச் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது. இரண்டு பெயரோடு வாழும் ஆயிரமாயிரம் குடும்பங்களின் வயிற்றில் அன்று புளி கரைந்தது.

"கிறிஸ்தவத்தில்தான் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சலுகை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு நேர்மையான பதில் சொல்லியாக வேண்டும். சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்ற கிறிஸ்தவரும் இதே கேள்வியைச் சந்தித்தார். இந்துத் தொழிலாளிக்குக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று 1985இல் அவர் வழக்கு தள்ளுபடியானது.

ஆதாரம் எங்கே இருக்கிறது? டீக்கடையில் இருக்கிறது. ஊர்க் கிணற்றில் இருக்கிறது. அதைவிட வெளிப்படையாக நம் கல்லறைத் தோட்டங்களில் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிச்சுவர் நின்றதை நாடே பார்த்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில், 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது.

இங்கேதான் நம் சபைகளின் இரட்டை நாக்கு தெரிகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு தினமாக அனுசரித்து, "கிறிஸ்தவத்திலும் சாதி தொடர்கிறது, உரிமை கொடுங்கள்" என்று டெல்லியிடம் கேட்கிறோம். அதே சேகரத்தில் யாராவது எழுந்து, "நம் கமிட்டியில் எங்கள் தெரு ஆள் ஏன் இல்லை?" என்று கேட்டால், "கோயிலுக்குள் சாதி பேசாதே" என்று வாயை அடைக்கிறோம். டெல்லியில் இருக்கிற சாதி ஊரில் எப்படி இல்லாமல் போகும்? பையனுக்கு இரண்டு பெயர் என்று குறை சொல்கிற சபைக்கு இரண்டு வாய்.

மனசு வைத்தால் முடியும் என்பதற்கும் நம் பக்கமே சாட்சி இருக்கிறது. வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பக்கமாகக் கட்டப்பட்ட ஆலயத்தின் நடுத்தடுப்பை 1910இல் கௌசானல் அடிகள் இடித்தார். வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் இடித்த சுவர் திரும்ப எழவில்லை. அது தலித்துகளுக்காக நடந்த இடிப்பல்ல, உண்மைதான். ஆனால் பிரசங்கத்தோடு நிற்காமல் கடப்பாரையையும் எடுத்த குருவானவர் ஒருவர் இருந்தார்.

நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளர், பறையர் தெருவிலிருந்து கிறிஸ்துவிடம் வந்தவர்கள், அருந்ததியர் வீட்டு அசனத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமா? அவர்கள் வீட்டுப் பெண்ணை மருமகளாக எடுக்கிறோமா? மேலே பார்த்துச் சமத்துவம் கேட்டுவிட்டு, கீழே பார்த்து முகம் சுளித்தால் நாமும் இன்னொரு சுவரின் செங்கல்தான்.

அன்றாட விசுவாசம் என்பது பெரிய தத்துவமல்ல. அசனப் பண்டிகையில் எல்லாத் தெருக்காரரும் சமைக்கட்டும், எல்லாரும் பரிமாறட்டும். ஒரு சபைக்கு ஒரே கல்லறைத் தோட்டம் இருக்கட்டும். சேகரத் தேர்தலில் சாதிக்கணக்குப் போட்டுப் பேனல் அமைப்பது நிற்கட்டும். சபைப் பள்ளி, கல்லூரிகளில் தலித் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு திருமண்டலமும் மறைமாவட்டமும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். டெல்லியில் வைக்கும் கோரிக்கைக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

அரசுக்கும் கடமை உண்டு. தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியலில் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அவர்களைச் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் 2022 அக்டோபரில் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்து, அதற்கும் காலநீட்டிப்பு கொடுத்தது மத்திய அரசு. ஆணையங்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. வயது வரம்பு தாண்டும் பிள்ளைக்கு யார் அவகாசம் கொடுப்பது?

அந்த அம்மாவின் விண்ணப்பத்தில் பள்ளிப் பெயரையே எழுதினேன். வேறு வழி தெரியவில்லை. கையெழுத்துப் போடும்போது அந்தப் பையன் ஒரு நொடி தயங்கினான். இரண்டு கையெழுத்து பழகியிருக்கிறான் போலும். அந்தத் தயக்கத்துக்கு அவன் பாவமன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவனை அந்த நிலையில் நிறுத்திய ஆணைக்கும், அதைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொல்லும் நமக்கும்தான் அந்த வேலை பாக்கியிருக்கிறது.