‘ரேடியோ நெல்’ என்ற பெயர் வந்த கதை

கேள்வி: ஆடுதுறை 27 ரகத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘ரேடியோ நெல்’ என்கிறார்கள். ஏன்? திருச்சி வானொலி இப்போது எங்கள் பெட்டியில் இரைச்சலாகக் கேட்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. சென்னை நிலையத்துக்கு ஒரு வயது இளையது. அப்போது ரேடியோப் பெட்டி வசதியுள்ளவர் வீட்டுப் பொருள். பின்னாளில் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. மாலையில் ஒலிபெருக்கிக்கு அடியில் உட்கார்ந்துதான் ஊர் செய்தி கேட்டது. டிரான்சிஸ்டர் வந்த பிறகே ரேடியோ வரப்பு வரை போனது.

தஞ்சை மாவட்டத்தில் 1960-களின் தொடக்கத்திலேயே ‘பேக்கேஜ் திட்டம்’ நடந்துகொண்டிருந்தது. ஆடுதுறை 27, ஜப்பானிய நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டி எடுத்தது. வயது ஏறத்தாழ 105 நாள் என்பதால் குறுவைக்குப் பொருந்தியது. 1966-இல் வானொலியில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் அமைந்தபோது திருச்சிக்கும் ஒன்று கிடைத்தது. நாற்றங்கால், நடவு, உரம் என்று அந்தந்தப் பருவத்து வேலையை அந்தந்த வாரத்தில் பேச்சுத் தமிழில் சொன்னார்கள். ரகத்தின் எண்ணை நினைவில் வைப்பதைவிட, அதைச் சொன்ன பெட்டியின் பெயரால் அழைப்பது எளிதாக இருந்தது. அப்படி நிலைத்ததுதான் ‘ரேடியோ நெல்’.

ஆனால் ரேடியோ மட்டும் நெல்லை விளைவிக்கவில்லை. டிப்போவில் விதையும் சொசைட்டியில் உரமும் கடனும் இருந்தன. கிராம சேவக் வயலுக்கே வந்தார். இதில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு நல்ல பேச்சும் காற்றோடு போயிருக்கும். இன்று செல்போனில் வரும் சிபாரிசுகளைக் கேட்கும்போது இதை மனத்தில் வையுங்கள். விதை கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு நாற்றங்காலை மாற்றலாம்.

இனி இரைச்சல். திருச்சியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். பகலில் இந்த அலை தரையோடு தவழ்ந்து வெகுதூரம் போகும். எஃப்.எம். அவ்வளவு தூரம் போகாது. மத்திய அலை செல்போனிலும் எடுக்காது. செயலியில் கேட்கலாம், ஆனால் டேட்டா வேண்டும். சிக்னல் இல்லாத வயல்வெளியில் அது உதவாது. நாட்டில் பல மத்திய அலை ஒலிபரப்பிகளை அண்மை ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். சிறு விவசாயிக்கு அது நஷ்டம்தான்.

உங்கள் பெட்டியை எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், டிவி ஆகியவற்றிலிருந்து தள்ளி, ஜன்னலோரம் வையுங்கள். நீட்டும் ஏரியலால் மத்திய அலைக்குப் பயனில்லை. உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிதான் அலையை வாங்குகிறது. ஆகவே பெட்டியையே மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஒலி தெளியும். பேட்டரி பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இரவில் தொலைதூர நிலையங்கள் வந்து கலக்கும். அது பெட்டியின் குறை அல்ல.