எந்த வகுப்பில் எந்த வரலாறு?

மதுரை மாவட்டத்தில், மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். சங்கப் புலவர் கபிலர் பிறந்ததும் இங்கேதான் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊரை ஒட்டிய குன்றில் சமணத் துறவிகள் தங்கிய குகையும், தமிழி எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகளும் இருக்கின்றன. தமிழி என்பது தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம். தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள். இந்தக் கல்வெட்டுகளின் வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல்.

இப்படி ஓர் ஊரில் வரலாற்றுப் பாடத்துக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. சிக்கல் வேறு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதில் எதைச் சொல்வது? பத்து வயதுப் பிள்ளைக்கு எதை? எதை முதலில் சொன்னால் அடுத்தது புரியும்? ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை வரலாற்றைத் திட்டமிடுவது என்பது இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதுதான்.

முதலில், இப்போதுள்ள ஏற்பாட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வகுப்புகளில் வரலாறு தனிப் பாடமாக இல்லை. சூழ்நிலையியல் என்ற பாடத்துக்குள் குடும்பம், ஊர், விழா என்று அது கலந்து வருகிறது. மூன்றாம் வகுப்பில் சமூக அறிவியல் தொடங்குகிறது. நான்காம் வகுப்பில் மூவேந்தர்களும் சங்ககால வள்ளல்களும் வருகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் ஆதி மனிதரும் ஐரோப்பியர் வருகையும் வருகின்றன. ஆறாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடத் தலைப்பு, ‘வரலாறு என்றால் என்ன?’ என்பது. அரசர்களைப் படித்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் அந்தக் கேள்வி பாடமாக வருகிறது.

இதை உடனே குறை என்று சொல்லிவிட முடியாது. வரலாற்றை ஒழுங்குபடுத்தப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விரியும் வட்டம்: குடும்பம், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என்று விரித்துக்கொண்டே போவது. மற்றது காலவரிசை: பழங்காலத்தில் தொடங்கி இன்றைய காலத்துக்கு வருவது. விரியும் வட்டத்தில் பிள்ளை தெரிந்த இடத்திலிருந்து புறப்படுகிறது. ஆனால் எது முன், எது பின் என்பது கலங்கிப் போகலாம். காலவரிசையில் முன்பின் தெளிவாக இருக்கும். ஆனால் பிள்ளைக்குக் கொஞ்சமும் அறிமுகமில்லாத கற்காலம் முதலில் வந்து நிற்கும்.

பல நாடுகள் இரண்டையும் கலந்தே கையாளுகின்றன. இங்கிலாந்தில் 2014 முதல் நடப்பில் உள்ள பாடத்திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஐந்து முதல் ஏழு வயது வரை, வீட்டில் உயிரோடு இருப்பவர்களின் நினைவுக்கு எட்டும் மாற்றங்களும், குறிப்பிடத்தக்க சில மனிதர்களும் நிகழ்வுகளும் பாடம். அதன் பிறகுதான் கற்காலத்தில் தொடங்கும் காலவரிசை. அதோடு, தம் வட்டாரத்தின் வரலாற்றை ஆராயும் ஒரு பகுதியும் கட்டாயம்.

மூன்றாவதாக ஒரு கருத்தும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-இல் முன்வைத்தது இது. சுருள்முறை என்று இதைச் சொல்லலாம். ஒரே பொருளுக்குப் பிள்ளை பல முறை திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகும். ஒரு பாடத்தை ஒரே வகுப்பில் சொல்லி மூடிவிடுவது இந்த முறையில் கிடையாது.

எந்த வழியை எடுத்தாலும் தொடக்கப் பள்ளியில் வளர வேண்டிய திறன்கள் இரண்டு. ஒன்று காலம்: எது முன், எது பின், எவ்வளவு முன் என்று அறிவது. மற்றது சான்று: இது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பது. இரண்டும் தாமாக வருவதில்லை. சிறு பிள்ளைக்குத் தாத்தா காலமும் பாண்டியர் காலமும் ஒரே ‘அந்தக் காலம்’தான். ஆண்டு எண்ணை ஒப்பித்துவிடும். அது எவ்வளவு தொலைவு என்பது தெரியாது. ஆகவே பாடப்பொருளை அடுக்குவதற்கு முன் இந்த இரண்டும் எந்த வகுப்பில் எந்த அளவுக்கு வளர வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. திருவாதவூரை வைத்தே இதைப் பார்க்கலாம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் காலம் என்பது வீட்டுக்குள் இருக்கும் காலம். நான், அம்மா, ஆச்சி என்ற மூன்று தலைமுறை போதும். அம்மி, உரல், அரிக்கேன் விளக்கு போன்ற பொருள்களில் எது பழையது, எது புதியது என்று வரிசைப்படுத்தலாம். ஊர்க் கோயிலின் வைகாசித் திருவிழாவில் திருமறைநாதர் மேலூருக்கு எழுந்தருளுவார். ‘உங்கள் சின்ன வயசில் மேலூருக்கு எப்படிப் போனீர்கள்?’ என்று பிள்ளைகள் ஆச்சியிடம் கேட்டு வரலாம். வகுப்பில் பத்து ஆச்சிகளின் பதில்கள் சேரும். எல்லாம் ஒன்றாக இருக்காது. ஒரே நிகழ்ச்சியை ஆளுக்கு ஒரு விதமாக நினைவு வைத்திருப்பார்கள் என்பது பிள்ளைக்கு அங்கேயே தெரிந்துவிடும். சான்று பற்றிய முதல் பாடம் அதுதான்.

மூன்றாம் வகுப்பில் வீட்டை விட்டு ஊருக்கு வரலாம். அதற்கு ஏற்ற பொருள் தண்ணீர். கண்மாய், அதன் கரை, தண்ணீரை வயலுக்கு விடும் மடை, மிகுந்த நீரை வெளியேற்றும் கலுங்கு எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. மேலூர் வட்டாரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. மேற்கே ஓடிய பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். பென்னிகுவிக் என்ற பொறியாளர் முன்நின்று செய்த வேலை அது. 1887-இல் தொடங்கி 1895-இல் அணை திறக்கப்பட்டது. அந்த நீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, கால்வாய் வழியே மேலூர்ப் பக்கம் வருகிறது. தாத்தாவின் தாத்தா காலம் என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும் தொலைவு இது. நினைவுக்கு எட்டும் காலத்திலிருந்து எட்டாத காலத்துக்குப் போக இது நல்ல பாலம்.

காலக்கோடு இங்கே தொடங்கலாம். காலக்கோடு என்பது ஆண்டுகளை நீளமாக மாற்றிக் காட்டும் கோடு. ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஒரு கயிற்றில் குறித்தால், எட்டு வயதுப் பிள்ளையின் வாழ்நாள் எட்டு சென்டிமீட்டர். ஒரு விரல் நீளம்தான். பெரியாற்று அணை ஏறத்தாழ 1 மீட்டர் 30 சென்டிமீட்டர் தள்ளி வரும். மூன்றாம் வகுப்புக்கு இந்தக் கயிறு போதும். அடுத்த வகுப்பில் இதே கயிற்றை நீட்டினால் ஒன்பதாம் நூற்றாண்டு பதினொரு மீட்டருக்கு மேல் போகும். குன்றின் கல்வெட்டுகள் இருபது மீட்டரைத் தாண்டும். கயிறு வகுப்பறைக்குள் அடங்காது. தாழ்வாரத்துக்கோ மைதானத்துக்கோ போக வேண்டும். ‘இரண்டாயிரம் ஆண்டு’ என்று நூறு முறை சொல்வதைவிட, கயிற்றின் மறுமுனைக்கு ஒரு முறை நடந்துவிட்டு வருவது மனத்தில் நிற்கும்.

கி.மு. எண்களுக்கு மட்டும் சற்றுப் பொறுக்கலாம். அவை தலைகீழாகப் போகும்: கி.மு. 200-க்குப் பிறகுதான் கி.மு. 100. எதிர்ம எண்களே படிக்காத பிள்ளையை இது குழப்பும். ‘இன்றிலிருந்து இத்தனை ஆண்டுக்கு முன்’ என்று சொன்னால் தொடக்கப் பள்ளிக்குப் போதும்.

நான்காம் வகுப்பில் பாடநூலும் ஊரும் நேரடியாகச் சந்திக்கின்றன. மூவேந்தர் ஒரு பாடம். வள்ளல்கள் இன்னொரு பாடம். கபிலர் இரண்டையும் இணைக்கிறார். அவர் வள்ளல் பாரியின் நண்பர். பாரியின் பறம்பு மலை சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்று கருதப்படுகிறது. இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. மூவேந்தரும் சேர்ந்து அந்த மலையை முற்றுகையிட்டதைப் புறநானூற்றுப் பாடல்கள் சொல்கின்றன. ஒரு பாடத்தில் பெருமையோடு வரும் அரசர்கள் மற்றப் பாடத்து வள்ளலின் பகைவர்கள். ஒரு நிகழ்ச்சியை இரண்டு பக்கமும் நின்று பார்க்கலாம் என்பதை ஒன்பது வயதில் சொல்ல இதைவிட எளிய வழி கிடைப்பது அரிது.

ஐந்தாம் வகுப்பில் சான்று முன்னுக்கு வரலாம். குன்றின் குகைக்குப் போனால் கல்லில் வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைகளைப் பார்க்கலாம். தலை வைக்கும் இடம் சற்று உயர்ந்திருக்கும். இத்தகைய குகைகளின் நெற்றியில் குறுக்கே ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க. மதுரை வட்டாரத்தில் மக்கள் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்கள். கல்வெட்டோ, குகையை அமைத்துக் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. பெயர் ஒன்று சொல்கிறது. எழுத்து வேறொன்று சொல்கிறது. எதை ஏற்பது, ஏன் என்று பிள்ளைகளே பேசலாம்.

எழுத்தைப் படிப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பக்கத்தில் உள்ள மாங்குளம் குன்றின் கல்வெட்டுகளை ராபர்ட் சிவெல் 1882-இல் கண்டார். எழுத்து தெரிந்தது, மொழி பிடிபடவில்லை. இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். இடையில் நாற்பது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. வரலாறு முடிந்துபோன செய்திகளின் மூட்டை அல்ல, இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒன்று என்பதைப் பத்து வயதுப் பிள்ளை இதிலிருந்து தெரிந்துகொள்ளும்.

மாணிக்கவாசகர் பற்றிய பாடம் கொஞ்சம் கவனம் கேட்கும். குதிரை வாங்கப் போன அமைச்சர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டது, நரி பரியானது எல்லாம் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். மதுரைக் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவிலும் பார்த்திருப்பார்கள். ‘இது உண்மையா, பொய்யா?’ என்று வகுப்பில் கேட்பது பிள்ளையை வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே நிறுத்திவிடும். அதற்குப் பதிலாக, ‘இதை யார் சொல்கிறார்கள், எப்போது சொன்னார்கள்?’ என்று கேட்கலாம். அவரே பாடிய திருவாசகம் ஒரு வகைச் சான்று. பிற்காலத்தில் எழுதப்பட்ட திருவிளையாடல் கதைகள் வேறு வகை. அவர் காலம் ஒன்பதாம் நூற்றாண்டு என்பார் பலர்; அதற்கு முன் என்பாரும் உண்டு. அறிஞர்களும் உடன்படாத இடங்கள் வரலாற்றில் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

நடைமுறையில் தடைகளும் உண்டு. பல சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியர் இருவர்தான்; மூன்று வகுப்புகள் ஒரே அறையில் உட்காரும். 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வாசிப்புக்கும் கணக்குக்கும் முதலிடம் தருகிறது, அது தேவையானதும்கூட. வரலாற்றுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. இங்கே சுருள்முறை கைகொடுக்கும். மூன்று வகுப்பையும் ஒன்றாகக் குன்றுக்குக் கூட்டிப் போகலாம். மூன்றாம் வகுப்பு படுக்கைகளை எண்ணி வரையும். நான்காம் வகுப்பு அதைக் கயிற்றில் எங்கே கட்டுவது என்று கணக்கிடும். ஐந்தாம் வகுப்பு ‘இது எப்படித் தெரியும்?’ என்று நான்கு வரி எழுதும். இடம் ஒன்று, வேலை மூன்று. எழுதுவதும் எண்ணுவதும் இதற்குள்ளேயே நடந்துவிடுகின்றன. அடுத்த ஆண்டு அதே பிள்ளை அதே குன்றுக்கு வேறு வேலையோடு வரும்.

தேர்விலும் இதே கணக்குத்தான். ‘அணை திறந்த ஆண்டு எது?’ என்ற கேள்வி இருக்கட்டும். பக்கத்தில் ‘அணை முந்தியதா, கல்வெட்டு முந்தியதா? எப்படிச் சொல்கிறாய்?’ என்பதும் இருந்தால், திட்டம் வேலை செய்கிறதா என்பது ஆசிரியருக்கே தெரியும்.

உள்ளூர் வரலாறு மட்டும் போதும் என்பது இதன் பொருள் அல்ல. திருவாதவூரில் கிடைக்காத சிந்துவெளியும் சோழர் கடலும் பாடநூலில்தான் கிடைக்கும். பாடநூலைத் தள்ளிவைத்த ஊர்ப்பெருமை வெறும் பெருமையாகவே முடிந்துவிடவும் கூடும். எல்லா ஊரிலும் கல்வெட்டு இருக்காது என்பதும் உண்மை. ஆனால் கண்மாயோ கோயிலோ பழைய கிணறோ இல்லாத ஊர் குறைவு. மாநிலப் பாடநூல் பொதுவாக இருக்கட்டும். அதன் ஒவ்வொரு பாடமும் ஊரில் எதைத் தொடுகிறது, எந்த வகுப்பில் தொடுகிறது என்று ஒரு பக்க அட்டவணையை ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் கூடி எழுதிக்கொண்டால், ஐந்து ஆண்டுப் பாடங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும். அதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை.